வேண்டாம் என்று சொல்ல ஒருவர்

பத்திரிகைகளின் மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்களைத் தொடர்ந்து வாசித்து வருபவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பார்கள். ஒரு காலத்தில் 'வைத்தியர்', 'பொறியியலாளர்', 'கணக்காளர்' என்ற மூன்று சொற்களோடு காரியம் முடிந்துவிடும். பின்னர் 'ஐ.ரி.' வந்தது. இப்போது 'சொலூஷன் ஆர்க்கிரெக்ட்', 'என்ரர்பிரைஸ் ஆர்க்கிரெக்ட்' என்று பதவிப் பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. உரும்பிராயில் எங்கள் அயலிலுள்ள பெரியவர் ஒருவர் அப்படியானதொரு விளம்பரத்தை என்னிடம் காட்டி, "தம்பி, இவர் வீடு கட்டுறவரோ, கொம்பியூட்டர் பாக்கிறவரோ?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன விடையை இங்கே சற்று விரித்து எழுதலாம் என்று தோன்றியது. ஏனென்றால், இது ஐ.ரி. துறையினர் தமக்குள் பேசித் தீர்க்கும் சங்கதி அன்று. வங்கிக் கணக்கு, அடையாள அட்டை, ஓய்வூதியம், கடவுச்சீட்டு என நமது வாழ்க்கையின் பாதி இன்று கணனிகளுக்குள் இருக்கிறது. அந்தக் கணனிகளை ஒன்றோடொன்று பொருத்தி வைக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது, அவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பது எல்லோரையும் தொடும் விடயம்.

முதலில் பதவியைப் பற்றிச் சுருக்கமாக. 1987 இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் சக்மன், அந்நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையையே இத்துறையின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுகிறார்கள். அவர் எடுத்துக்கொண்ட உவமையும் வீடு கட்டுவதுதான். வீட்டுக்காரர் பார்க்கும் படம் வேறு, வடிவமைப்பவர் பார்க்கும் படம் வேறு, கட்டுபவர் பார்க்கும் படம் வேறு. மூன்றும் ஒரே வீட்டைக் குறிக்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1995 இல் 'ரொகாஃப்' என்ற வழிமுறை நூல் வெளிவந்தது. 1996 இல் அமெரிக்கா ஒரு சட்டத்தின் மூலம், அரச நிறுவனங்களின் தலைமைத் தகவல் அதிகாரிகள் இத்தகைய கட்டமைப்பை உருவாக்கிப் பேணவேண்டும் என்று விதித்தது. ஆக, மேல்நாடுகளில் இது பழைய விடயம்.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுமுன் நிலையம் எடுப்பார்கள். வளவுக்குள் வீடு எங்கே அமைவது, வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, அடுக்களை எந்த மூலையில் என்பதெல்லாம் முதலிலேயே குறிக்கப்படும். அறை கட்ட வரும் மேசன் அந்த அறையைப் பார்ப்பார். நிலையம் எடுப்பவர் முழு வளவையும் பார்ப்பார். நிறுவனக் கட்டமைப்பாளர் என்று நான் தமிழில் சொல்ல விரும்பும் இந்த 'என்ரர்பிரைஸ் ஆர்க்கிரெக்ட்' ஒரு நிறுவனத்துக்கு நிலையம் எடுப்பவர். வித்தியாசம் ஒன்றுதான். அவர் வருவதற்கு முன்னரே வளவுக்குள் பத்துப் பதினைந்து கட்டடங்கள் ஒழுங்கின்றி முளைத்திருக்கும். அவற்றுள் ஆட்கள் குடியிருப்பார்கள். ஒன்றையும் மூடாமல் அவர் ஒழுங்கு செய்ய வேண்டும்.

ஒரு வங்கியை எண்ணிப் பாருங்கள். சேமிப்புக் கணக்குக்கு ஒரு மென்பொருள், நகை அடகுக்கு வேறொன்று, வாகன லீசிங்குக்கு இன்னொன்று, கடனட்டைக்கு ஒன்று, கைத்தொலைபேசிச் செயலிக்கு ஒன்று. எல்லாம் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கம்பனிகளிடம் வாங்கியவை. ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரும் முகவரியும் தனித்தனியே பதியப்பட்டுள்ளன. நீங்கள் வீடு மாறிப் புதிய முகவரியைக் கொடுக்கிறீர்கள். சேமிப்புப் பிரிவு திருத்திக்கொள்கிறது. அடகுப் பிரிவோ பழைய முகவரிக்கே ஏல அறிவித்தலை அனுப்புகிறது. அறிவித்தல் கிடைக்காமலே நகை ஏலத்துக்குப் போகிறது. இதில் எந்த உத்தியோகத்தரும் வேலையைப் பிழையாகச் செய்யவில்லை. முகவரி என்ற ஒன்றுக்கு எந்தப் பதிவேடு மூலப்பதிவேடு, அதில் எழுதும் உரிமை யாருக்கு, வாசிக்க மட்டும் உரிமை யாருக்கு என்று எவரும் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானிப்பதுதான் கட்டமைப்பாளரின் தொழில்.

இதை எங்களூர்த் தோட்டக்காரருக்கு விளக்குவது சுலபம். யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணறு என்பது வழமை. காணி உறுதியிலேயே கிணற்றிலும் வழியிலும் வாய்க்காலிலும் உள்ள பங்கு எழுதப்படும். இன்னார் காலையில் இறைப்பார், இன்னார் மாலையில் இறைப்பார் என்று முறை இருக்கும். அந்த முறையைக் குழப்பினால் அயலில் சண்டை வரும். அதற்கும் கீழே ஓர் உண்மை இருக்கிறது. தனித்தனிக் கிணறுகளாகத் தெரிந்தாலும் சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் நீர் தொடர்புபட்டே இருக்கிறது. ஒருவர் இறைப்பு மிசினைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடுத்தவர் கிணறு உவராகலாம். சுன்னாகத்தில் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் போராட்டமாக வெடித்தபோது, அந்த நிலையத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாத குடும்பங்களே தண்ணீருக்கு அலைந்தன. நிறுவனங்களிலும் ஒவ்வொரு பிரிவும் தன் கிணற்றைத் தோண்டுகிறது. அடியில் ஓடும் தகவல் ஒன்றே. அதைப் பார்க்க ஓர் ஆள் தேவை.

என் தொழிலிலிருந்தும் ஓர் உதாரணம் சொல்லலாம். நான் பணியாற்றிய ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரிய பீடம் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டது. விளம்பரப் பகுதி வேறோர் எழுத்துருவைப் பயன்படுத்தியது. பின்னர் தொடங்கிய இணையப் பகுதி மூன்றாவது ஒன்றைக் கொண்டுவந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழாக இருந்தாலும் கணனி தன்னுள் சேமிப்பது ஆங்கில விசைகளின் எழுத்துகளைத்தான். ஆகவே ஒரு பகுதியின் கோப்பை மற்றப் பகுதி திறந்தால் புரியாத குறிகளே தெரியும். ஒரே மரண அறிவித்தலை மூன்று பேர் மூன்று தடவை தட்டச்சிட்டார்கள். மூன்று தடவையும் பெயரில் எழுத்துப்பிழை வரச் சந்தர்ப்பம் இருந்தது, வந்தது. யூனிகோட் பரவிய பின்பு பழைய கோப்புகளை மாற்ற முயன்றபோது, எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் என்ற குறிப்பு எங்கும் இல்லை. அந்த ஆண்டுகளின் செய்திகள் இறுவட்டுகளில் இருக்கின்றன, தேட முடியாது. மூன்று பகுதிகளும் தத்தமக்கு வசதியானதைத்தான் தெரிவு செய்தன. மூன்றையும் சேர்த்துப் பார்த்து "இது வேண்டாம்" என்று சொல்ல ஒருவர் இருக்கவில்லை.

இப்போது நம் எல்லோரின் பணப்பையிலும் உள்ள ஒன்றுக்கு வருவோம். இலங்கையில் தேசிய அடையாள அட்டை 1972 இல் அறிமுகமாயிற்று. பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். ஒவ்வோர் ஆண்டுக்கும் 366 நாட்கள் என்றே கணக்கு. சாதாரண ஆண்டிலும் பெப்ரவரி 29 க்கு ஓர் இடம் விடப்பட்டுள்ளது. ஆகவே மார்ச் 1 எப்போதும் 61 ஆவது நாள். இந்தச் சங்கதியை அறியாத மென்பொருளாளர் எவரும் சாதாரண ஆண்டுகளில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களின் பிறந்த நாளை ஒரு நாள் பிழையாகக் கணிப்பார். ஆண்டுக்கு இரண்டு எண்களே ஒதுக்கியதால், 2000 இல் பிறந்த பிள்ளைகள் பதினாறு வயதை எட்டிய 2016 இல் பன்னிரண்டு எண்கள் கொண்ட புதிய இலக்கம் வந்தது. பத்து இடம் மட்டும் விட்டிருந்த படிவங்களும் கணனிப் பட்டியல்களும் நாடெங்கும் மாற்றப்பட வேண்டியிருந்தன. ஒருவருக்கே இன்று பழைய இலக்கமும் புதிய இலக்கமும் இருக்கலாம். 1972 இல் அதை வகுத்தவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஒரு சிறு தீர்மானம் நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு எல்லோருக்கும் செலவு வைக்கும் என்பதே நான் காட்ட விரும்புவது.

ஆனால் 2023 இல் நடந்ததை அப்படி மன்னிக்க முடியாது. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை, பணம் கேட்டு மிரட்டும் கணனித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கடிதங்களுக்கு வேறு பிரதி இருக்கவில்லை, அவை தொலைந்தன. பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதை மாற்றும் திட்டம் 2021 முதலே இருந்தும் நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் தாமதமாயிற்று என்று, அதற்குப் பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே விளக்கம் சொல்லியது. அது 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நாட்டின் கணனிமயமாக்கலுக்கென்றே உருவான நிறுவனம்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து வெளியேறிய எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். நகையை மறந்தவர்கள் உண்டு. பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வைத்த பையை மறந்தவர்கள் குறைவு. அதற்குப் பிறகு, ஒரு பிரதி கையில், ஒரு பிரதி கொழும்பிலுள்ள சொந்தக்காரர் வீட்டில் என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் தாய்மாருக்கு வந்துவிட்டது. மூலமும் பிரதியும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்ற இந்த அறிவுக்குத் தொழில்நுட்பப் பட்டம் தேவையில்லை. தேவைப்படுவது, "பிரதி வேறிடத்தில் இல்லாமல் இந்தச் சேவை ஒரு நாளும் இயங்கக்கூடாது" என்று சொல்லவும், சொன்னால் கேட்கவைக்கவும் அதிகாரம் உள்ள ஒருவர். 2021 இலிருந்து 2023 வரை அப்படிச் சொல்லும் வல்லமை எவருக்கும் இருக்கவில்லை என்பதையே அந்தச் சம்பவம் காட்டியது.

இது நம் நாட்டு வறுமையின் பிரச்சினை மட்டுமே என்று நினைக்க வேண்டாம். லண்டனில் உள்ள வாசகர்களுக்கு ரி.எஸ்.பி. வங்கியின் கதை நினைவிருக்கும். 2018 ஏப்ரலில் அந்த வங்கி, முன்பு தன் தாய் வங்கியாக இருந்த லொயிட்ஸின் கணனிகளிலிருந்து, புதிய உரிமையாளரான ஸ்பெயினின் சபடெல் வங்கி அமைத்த கணனித் தளத்துக்கு, 5.2 மில்லியன் வாடிக்கையாளர்களை ஒரு வார இறுதியில் மாற்றியது. திங்கட்கிழமை விடிந்தபோது மக்களால் தம் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. 1.9 மில்லியன் பேர்வரை வெளியே நின்றார்கள். முழுமையாகச் சீராக டிசம்பர் ஆயிற்று. பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்த ஒரு விபரம் போதும்: இரண்டு தரவு நிலையங்களில் ஒன்றையே சோதித்துப் பார்த்திருந்தார்கள். 2022 டிசம்பரில் வங்கிக்கு 48.65 மில்லியன் பவுண் தண்டம். 2023 இல் வங்கியின் முன்னாள் தலைமைத் தகவல் அதிகாரிக்கும் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. தளத்தை அமைத்துத் தந்த நிறுவனம் உண்மையில் ஆயத்தமாக இருக்கிறதா என்பதை அவர் போதியளவு உறுதிப்படுத்தவில்லை என்பது குற்றச்சாட்டு.

அந்தத் தனிமனிதத் தண்டத்தில்தான் எனக்கு அக்கறை. பொறுப்பு என்றால் பெயர் சொல்லக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். அதே வேளையில், தண்டம் கட்டுபவருக்குத் தடுக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும். திகதி குறித்து, பத்திரிகைக்கு அறிவித்து, மேலிடம் கையொப்பமிட்ட பிறகு கட்டமைப்பாளரை அழைத்து "எல்லாம் சரிதானே?" என்று கேட்பது நிலையம் எடுக்காமல் வீடு கட்டிவிட்டுக் குடிபூரலுக்கு ஆளை அழைப்பதற்கு ஒப்பானது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இத்துறை இளைஞர்களிடம் பேசினால், கட்டமைப்பாளர் என்றாலே சலிப்போடு பார்ப்பவர்கள் பலர். "அவர் பெட்டியும் அம்புக்குறியும் கீறிக்கொண்டிருப்பார், நாங்கள் வேலை செய்வோம்" என்பார்கள். இந்தக் குறை உண்மையானது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நூறு பக்க அறிக்கை எழுதி அலுமாரியில் வைத்துவிட்டு, மூன்று ஆண்டுகளில் அடுத்த கம்பனிக்குப் போய்விடுபவர்கள் இருக்கிறார்கள். எந்த வழிமுறை நூல் சிறந்தது என்ற ஆராய்ச்சியிலேயே காலம் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது அவர்களுக்கே பொருந்தும். எதற்கெடுத்தாலும் 'வேண்டாம்' என்பவரால் நிறுவனம் உறைந்துவிடும் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு.

ஆனால் மோசமான கட்டமைப்பாளர்கள் இருக்கிறார்கள் என்பது அந்தப் பணி வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகாது. நல்லவர் எப்படி இருப்பார் என்று கேட்டால், மூன்று அடையாளங்கள் சொல்வேன். முதலாவது, அவர் நாற்காலியில் மட்டும் இருக்கமாட்டார். அடகுப் பிரிவின் கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்க நின்று, எழுதுவினைஞர் எந்தத் தகவலை எத்தனை தடவை எழுதுகிறார் என்று பார்ப்பார். இரண்டாவது, பத்து விடயங்களில் ஒன்பதைப் பிரிவுகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, ஒன்றில் மட்டும் அசையமாட்டார்; அந்த ஒன்று எல்லோரும் பங்குபோடும் தகவலாக இருக்கும். மூன்றாவது, எதையாவது வாங்குமுன் அவர் கேட்கும் கேள்வி விலையைப் பற்றியதாக இராது. விற்கும் கம்பனி நாளை இல்லாமற் போனால் நம் தகவலை நாம் எப்படி எடுப்பது என்றே முதலில் கேட்பார்.

இன்னொன்றும் உண்டு. 1968 இல் மெல்வின் கொன்வே என்ற அமெரிக்கர் எழுதிய ஒரு கருத்து இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு நிறுவனத்துக்குள் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அவர்கள் அமைக்கும் கணனி முறையும் அதே வடிவில்தான் அமையும் என்பது அதன் பொருள். இலங்கையில் பிறப்பைப் பதிவது பதிவாளர் நாயகம் திணைக்களம், அடையாள அட்டை கொடுப்பது ஆட்பதிவுத் திணைக்களம், கடவுச்சீட்டு கொடுப்பது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். இவை ஒன்றோடொன்று பேசுவது குறைவு. இடையில் கடிதம் காவுபவர்கள் நாங்கள்.

தமிழருக்கு இதில் வலி சற்று அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயர் முன்னால் வரும். சண்முகநாதன் என்பவர் பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு விதமாக இருப்பார். கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் எழுதும்போது 'நாதன்' என்பதில் 'எச்' உண்டா இல்லையா என்பது அன்று படிவம் நிரப்பியவரின் கையில் இருந்தது. வெளிநாட்டில் அவருடைய பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிடும். பேரப்பிள்ளை காணி உறுதியோடு வந்து நிற்கும்போது மூன்று தலைமுறைக்கு மூன்று 'குடும்பப் பெயர்கள்'. இவர்கள் ஒரே குடும்பம் என்று நிரூபிக்கச் சத்தியக்கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் பிரதேச செயலகப் படிகளும். தாளில் இருந்தவரை ஒரு மனிதரின் விளக்கத்தைக் கேட்டு இன்னொரு மனிதர் ஒப்புக்கொள்ள இடம் இருந்தது. கணனி அப்படி ஒப்புக்கொள்ளாது. அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்.

இலங்கை அரசு இந்தியாவின் நன்கொடையோடு தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்தை முன்னெடுத்து வருகிறது. 2025 பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளுக்கான 'கவ்பே' தொடங்கியது. வரவேற்க வேண்டிய முயற்சிகள். கொழும்புக்குப் பஸ் ஏறாமல் ஒரு பத்திரம் கிடைக்குமானால் உரும்பிராயில் உள்ள கிழவருக்கு அது பெரிய காரியம். ஆனால், பெயர் என்ற பெட்டிக்குள் எத்தனை பகுதிகள், தந்தை பெயர் எங்கே, தமிழ் எழுத்து மூலமா, ஆங்கில எழுத்து மூலமா, இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பவை இப்போது தீர்மானிக்கப்படும் விடயங்கள். 1972 இல் இரண்டு எண்களைப் பற்றி எடுத்த தீர்மானம் 2016 வரை நீடித்தது. இன்று பெயரைப் பற்றி எடுக்கும் தீர்மானம் நமது பேரப்பிள்ளைகளின் காலம்வரை நீடிக்கும். அந்த மேசையில் தமிழ்ப் பெயர் எப்படி இயங்குகிறது என்று தெரிந்த ஒருவர் இருக்கிறாரா? கொழும்பிலும் பெங்களூரிலும் ரொறன்ரோவிலும் இதே தொழிலைச் செய்யும் நம்மவர்கள் நிறையப் பேர். விளம்பரத்தில் பதவிப் பெயர் போடுவதோடு நில்லாமல், அவர்கள் இதைப் பற்றி எழுதவும் ஆலோசனை சொல்லவும் முன்வர வேண்டும்.

என் சக பத்திரிகையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய டிஜிட்டல் திட்டம் ஒன்றை அமைச்சர் அறிவிக்கும்போது செலவு எவ்வளவு, எப்போது திறப்பு விழா என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்போம். இதன் முழு அமைப்புக்கும் பொறுப்பான கட்டமைப்பாளர் யார், இதுவரை அவர் எதையாவது நிறுத்தியிருக்கிறாரா? பிரதி எடுத்த தகவலை மீளப் போட்டுப் பார்த்த கடைசித் திகதி என்ன? தமிழ்ப் பெயரை இது எப்படிப் பதியும்? மூன்றுக்கும் பெயரும் திகதியும் விபரமுமாக விடை வந்தால் திறப்பு விழாச் செய்தியை முதற்பக்கத்தில் போடலாம். வராவிட்டால், வரவில்லை என்பதையே செய்தியாக எழுதுவோம்.